கூடம் கோணல்

பகலில் நான் பற்களைப் படம் எடுப்பவள்.
லீபாயாவில், சாவி வெட்டும் கடைக்கு மேல்மாடி.
"அசையாதீங்க" என்று சொல்லிவிட்டுச்
சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.
வேர்வரை தெரிய வேண்டும்,
அதற்குத்தான் சம்பளம்.

புயல் ஓய்ந்த மறுநாள் இரவு மட்டும்
கேமராவோடு கடற்கரைக்குப் போவேன்.
அம்பர் பொறுக்குகிறவர்கள் வந்திருப்பார்கள்,
இடுப்புவரை ரப்பர் உடுப்பு, கையில் ஊதா டார்ச்,
கரையில் ஒதுங்கிய பாசியைக் காலால் கிளறிக்கொண்டு.
அந்த ஒளி பட்டால் அம்பர்
பூனைக்கண்போல ஒரு பச்சை மஞ்சளில் விழிக்கும்.
உடனே ஒரு கை அதை மூடிவிடும்.
இடையில் இருக்கும் அந்த நொடிக்காகப்
பதினொரு வருடமாக விறைக்கிறேன்.

கேமராவுக்கும் பதினொரு வயது.
பிடி ரப்பர் உரிந்தது, ஒட்டினேன், மறுபடி உரிந்தது.
சென்சாரில் ஒரு புள்ளி கெட்டுவிட்டதால்
நான் எடுக்கும் எல்லா வானத்திலும்
இடது மூலையில் அதே சிவப்பு நட்சத்திரம்.
இருட்டில் ஐஎஸ்ஓவை ஏற்றினால்
மணல் எது, இரைச்சல் எது என்று பிரிக்க முடியாது.

ஆடத் தெரியாதவள்
கூடம் கோணல் என்றாளாம்.
எனக்கு இதை யாரும் சொல்ல வேண்டாம்,
டிராமில் போகும்போது நானே சொல்லிக்கொள்கிறேன்.

சேமிப்பில் ஆயிரத்து எழுநூறு யூரோ.
வீட்டுக் கொதிகலன் இருமத் தொடங்கிவிட்டது.
குந்தார்ஸ் எதுவும் சொல்ல மாட்டான்.
கொதிகலன் பக்கம் போய்
கொஞ்சம் கூடுதலாக நிற்பான், அவ்வளவுதான்.

எவால்ட்ஸ் தன் கடையில்
என் பழையதைக் கணினியில் மாட்டிப் பார்த்தார்.
"ஒரு லட்சத்து நாற்பத்துமூன்றாயிரம் தடவை
திறந்து மூடியிருக்கு. அறுபது யூரோ தரலாம்."
அதில் நல்ல படம் எத்தனை என்று கேட்கவில்லை.
ஒன்பது.
சில நாள் ஏழு.

புதியதைச் சனி மதியம்வரை இரவல் கொடுத்தார்,
என் அடையாள அட்டையை மேஜை அறைக்குள் போட்டுக்கொண்டு.

நேற்று இரவு அது
இருட்டை எலும்பு மிச்சமில்லாமல் தின்றது.
இமான்ட்ஸ் குனிந்து எதையோ எடுத்தார், அழுத்தினேன்.
புருவத்தில் பனித்தூள். மூக்கு நுனியில் தொங்கும் சொட்டு.
உள்ளங்கையில் மின்னியது
மீன்வலையின் நைலான் துண்டு.
ஊதாவில் அதுவும் ஒளிரும்.

போன வருடத்து அவர் படமும் பையில் இருந்தது,
பழையது எடுத்தது.
வெறும் புள்ளிகளாலான ஒரு கூன் முதுகு,
கைக்குள் ஒரு பச்சை.
இரண்டையும் காட்டினேன்.
ஈரக் கட்டைவிரலைப் பழைய படத்தின்மேல் வைத்து
"இது அம்பர்" என்றார்.
நிஜமாகவா என்றேன்.
"ஞாபகமில்லை. படத்தில் அப்படித்தானே இருக்கு."

இத்தோடு முடிந்திருந்தால்
கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக்
கொதிகலனைப் பார்க்கப் போயிருப்பேன்.
வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தேன்.
அவர் இடது கையில் சுண்டுவிரல் இல்லை.
பதினொரு வருடமாக எடுக்கிறேன் அந்த மனிதரை.
புதியது ஒரே இரவில் சொல்லிவிட்டது.

சரி, சில வேளை கூடமும் கோணல்தான்.

ஆனால்
கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு
ஒரே ஒரு தடவை
அவர் டார்ச்சையோ தெர்மாஸையோ
அந்தக் கையிலிருந்து வாங்கிப் பிடித்திருந்தாலும்
தெரிந்திருக்கும்.
இரண்டு கேமராவும் இதைச் சொல்லவில்லை.

சனி, பதினொன்றே முக்கால்.
டிராம் பாலத்தைத் தாண்டுகிறது.
மடியில் ஒரே பை, உள்ளே இரண்டும்
ஒன்றோடொன்று இடிக்காமலிருக்க
நடுவில் என் கையுறை.
செவ்வாயன்று மறுபடி புயலாம்.
எவால்ட்ஸ் கடைக்கு இன்னும் இரண்டு நிறுத்தம்.
கையில் குளிர் ஏறுகிறது,
கையுறையை உருவத்தான் மனம் வரவில்லை.